ரகோரா கரையின் ஐந்தாவது கூட்டம்

ரகோரா கரை,
19 பிப்ரவரி 2011

அபோண்டிக்கு,

பத்து முறை போன் செய்தேன். பதினொன்றாவது முறைக்கு உன் குறுஞ்செய்தி வந்தது. "போன்ல பேசினா என் பேச்சை நீயே முடிச்சு வைப்ப. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா கடிதம் எழுது." சரி, எழுதுகிறேன். நாற்பத்தாறு வயதில் கடைக்குப் போய்க் கோடு போட்ட நோட்டு வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். அடோயோ எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு, வக்கீலுக்கா?" என்றாள். தங்கைக்கு என்றதும் சிரித்துவிட்டுப் போனாள். உன் அண்ணியின் சிரிப்பு உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் என்னைக் கரைக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அறுபத்தொரு ஓட்டு. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் மீன்வளத் துறையிலிருந்து ஒரு தாள் வந்தது. ஏரியில் மீன் குறைந்துவிட்டதாம். மீன் குஞ்சு பொரிக்கும் இடம் ஒன்றை ஒவ்வொரு கரையும் தானே தேர்ந்தெடுத்து நான்கு மாதம் மூடவேண்டும். படகுக்காரர்கள், படகில் கூலிக்குப் போகிறவர்கள், மீன் விற்கும் பெண்கள் என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஏப்ரல் முப்பதுக்குள் முடிவு போய்ச் சேரவேண்டும். போகாவிட்டால் எங்கள் வளைகுடா முழுவதையும் அவர்களே மூடிவிடுவார்கள். ஒரு படகும் இறங்காது. ரகோராவின் நூற்று இருபது வீடுகளும் நான்கு மாதம் ஏரியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டு கூட்டம் போட்டாயிற்று. பத்து மணி என்றால் பன்னிரண்டுக்கு வருகிறார்கள். ஜெபம் அரை மணி. பிறகு ஒவ்வொருவரும் எழுந்து, எல்லாருக்கும் தெரிந்த தன் பெயரையும் தன் படகின் பெயரையும் சொல்லி, தலைவரை வணங்கி, செயலாளரை வணங்கி உட்கார்வதற்குள் ஒரு மணி ஆகிறது. மூடவேண்டியது கல்திட்டு என்கிறேன் நான். மஜிவா நாணல் வாய்ப் பக்கம் என்கிறான். அவனிடம் நான்கு படகு இருக்கிறது, நாக்கு நாற்பது இருக்கிறது. இரண்டு மணி நேரம் நாங்கள் இருவரும் கத்துகிறோம். மற்றவர்கள் தேநீர் எப்போது வரும் என்று பார்க்கிறார்கள்.

பெண்கள் இன்னும் மோசம். எடைக் கொட்டகையின் ஓரத்தில் பாயில் உட்கார்ந்து ஒமேனாப் பொடிமீனில் கல் பொறுக்குகிறார்கள். "சம்மதமா?" என்று கேட்டால் ஏரியைப் பார்க்கிறார்கள். சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினால் வாங்குவதில்லை. அவர்களின் பிரதிநிதி நேரியா அம்மா, அதாவது என் மாமியார். அவர் வாய் திறக்காமல் மற்ற பெண்கள் திறக்கமாட்டார்கள்.

கூட்டம் நடத்துவது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நீ. உன் அண்ணனுக்குச் சும்மா சொன்னால் குறைந்துபோவாயா?

ஒகுமு

*

நைரோபி,
1 மார்ச் 2011

அண்ணா,

ஜனவரி எட்டாம் தேதி நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கமாட்டேன். கூட்டத்தை நடத்தியவர்களுக்கு அது நினைவிருக்காது. அப்பாவை அடக்கம் செய்வதற்கு முந்தைய நாள் குடும்பக் கூட்டம். மூத்த மகன் என்று நீதான் தலைமை. நான் மூன்று முறை எழுந்தேன். மூன்று முறையும், "அபோண்டி, உக்காரு. இதர விஷயங்கள்னு கடைசில வரும், அப்ப பேசு" என்றாய். கடைசியும் வந்தது. அப்போது நீ என்ன சொன்னாய்? "சாப்பாடு ஆறுது, ஜெபம் பண்ணி முடிச்சுக்கலாம்." நாற்பது பேர் தலை குனிந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன், ஆமென் சொல்லும் வரைக்கும்.

இப்போது பெண்கள் பேசமாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கே எழுதுகிறாய். உன் தைரியத்தைப் பாராட்டவேண்டும்.

நூற்று இருபது வீடுகளில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். அறிமுகப் பேச்சை நிறுத்து. ஒருவரையொருவர் தெரியாதவர்களா அங்கே? ஜெபம் ஒருவர், இரண்டு நிமிடம். பிறகு எல்லோருக்கும் ஒரு அட்டை கொடு. எந்த இடத்தை மூடலாம், ஏன் என்று பெயர் போடாமல் எழுதித் தரட்டும். வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களும் எழுதுவார்கள். எல்லா அட்டையையும் கலக்கிப்போட்டுச் சத்தமாகப் படி. அதற்கப்புறம் பேச்சு. கையில் ஒரு கோல் வைத்துக்கொள், கோல் யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் பேசவேண்டும். மற்றவர்கள் குறுக்கே வரக்கூடாது. நீயும்தான்.

நான் நடத்திய நூற்றுப் பன்னிரண்டு பயிலரங்குகளிலும் இது பலித்திருக்கிறது.

அபோண்டி

*

ரகோரா,
12 மார்ச் 2011

நூற்றுப் பன்னிரண்டு பயிலரங்கு நடத்தியவளுக்கு,

மூன்றாவது கூட்டம் நேற்று நடந்தது. ஹோமா பே நகரத்திலிருந்து வண்ண அட்டை வாங்கிவரச் சொன்னேன், நீ சொன்னபடி. அட்டையைக் கொடுத்ததும் கூலிக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்கள். அவர்களில் ஒருவனும் கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை. எழுதத் தெரியாது என்று எவன் தன் வாயால் சொல்வான்? மஜிவா பெரிய மனது பண்ணி, "குடுங்கப்பா, நான் எழுதித் தரேன்" என்று அட்டைகளை வாங்கிக்கொண்டான். கலக்கிப்போட்டுப் படித்தேன். இருபத்து மூன்று அட்டையில் 'நாணல் வாய்' என்று எழுதியிருந்தது. இருபத்து மூன்றும் ஒரே கையெழுத்து.

பெண்களுக்கு எழுதத் தெரியும், நேரியா அம்மா தேவாலயத்தில் கணக்கே எழுதுகிறவர். ஆனால் அவர்கள் அட்டைகள் வெறுமையாகத் திரும்பி வந்தன. ஒன்றில் மட்டும் மீன் செதில் ஒட்டியிருந்தது.

உன் கோல் விஷயம் இன்னும் அழகு. நல்ல கோல் கிடைக்கவில்லை, ஒரு துடுப்பை வைத்தேன். மஜிவா அதை முதலில் கையில் வாங்கினான். நாற்பது நிமிடம். நான் வாயைத் திறந்தால், "தலைவரே, துடுப்பு யார் கைல இருக்கு?" என்கிறான். கூட்டமே சிரிக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் துடுப்பைப் பிடுங்கி அவன் தலையில் போட்டிருப்பேன். அதற்குள் ஒக்வேனோ தேநீரையும் எண்ணெயில் பொரித்த மண்டாஸியையும் கொண்டுவந்தான். அதோடு முடிந்தது.

ஒக்வேனோ என்றால் நம் செயலாளர். கூலிக்குப் போகிறவர்களின் ஆள், நல்லவன், யார் சத்தம் போட்டாலும் பேனாவை மூடிவிடுவான்.

ஏழு வாரம்தான் இருக்கிறது. வேறு ஏதாவது நல்லதாகச் சொல்.

ஒகுமு

*

நைரோபி,
18 மார்ச் 2011

அண்ணா,

ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் என்று முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். நான் எழுதவில்லை, தவறு என்னுடையது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்காததும் என் தவறு. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் வரும்போல.

துடுப்பு என்ன துடுப்பு? ஒரு சின்னக் குச்சி கிடைக்கவில்லையா உனக்கு, ஏரிக்கரையில்?

நீ எப்படி உட்காருகிறாய் என்று நினைத்துப் பார்த்தேன். நீயும் செயலாளரும் மேசைக்குப் பின்னால். எதிரே பெஞ்சில் படகுக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் கூலிக்காரர்கள். ஓரத்தில் தரையில் பெண்கள். நீதிமன்றம் மாதிரி. தரையில் உட்கார்ந்திருப்பவள் எழுந்து பெஞ்சுக்காரர்களின் முதுகைப் பார்த்து என்ன பேசுவாள்?

மேசையை எடுத்து வெளியே போடு. எல்லோருக்கும் நாற்காலி, பெஞ்ச், கவிழ்த்த கூடை, ஏதாவது ஒன்று, ஒரே உயரத்தில். வட்டமாகப் போடு. தலைமாடு கால்மாடு கிடையாது. எல்லோரும் எல்லோரின் முகத்தையும் பார்க்கவேண்டும். முகம் பார்த்துவிட்டால் பேசுவார்கள், நான் கண்ணால் கண்டது.

இங்கே எங்கள் இயக்குநர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் இரண்டே கால் மணி நேரம் தனியாகப் பேசினார். தலைப்பு: கேட்கும் கலை. நான் கடிகாரத்தைப் பார்த்ததற்கு, அபோண்டிக்கு அவசரம் போலிருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அபோண்டி

*

ரகோரா,
27 மார்ச் 2011

அபோண்டி,

நீ யார் வீட்டுப் பெண்? எந்த ஊரில் பிறந்தாய்? நைரோபிக் குழாய்த் தண்ணீர் குடித்தால் பிறந்த இடத்து வழக்கம் மொத்தமும் கழுவிக்கொண்டு போய்விடுமா?

வட்டம் போட்டேன். நீ சொன்ன அதே மாதிரி, ஒரே உயரம், மேசை இல்லை. பெண்களைத் தரையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ஒக்வேனோ பெரிய மரியாதை செய்வதாக நினைத்து நேரியா அம்மாவுக்கு நல்ல நாற்காலியாகத் தேடிக் கொண்டுவந்து போட்டான். எங்கே? வட்டத்தில் சரியாக எனக்கு எதிரே. நடுவில் ஒன்றுமில்லை, நான்கு எட்டுத் தூரம்தான். என் முழங்காலும் அவர் முழங்காலும் நேருக்கு நேர்.

மாமியாரும் மருமகனும் நம்மில் அப்படி உட்கார்ந்து முகம் பார்ப்பது உண்டா? ஒரே தட்டில் சாப்பிடுவது உண்டா? எதிரே வந்தால் நான் பாதை மாறிப் போகிறவன். பதினெட்டு வருடமாக அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? அவரும் பார்த்தார். பிறகு மேலே போர்த்தியிருந்த லேசோத் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். காலி நாற்காலிகளோடு பாதி வட்டம் மட்டும் இருந்தது.

மஜிவா அதையும் விடவில்லை. "தலைவரே, மாமியாரையே விரட்டிட்டீங்க, மீனை விரட்டறது ஒரு பெரிய விஷயமா?" என்றான்.

நான்கு நாளாக நேரியா அம்மா கரைக்கு வரவில்லை. அவர் வராவிட்டால் மற்றவர்களும் பாதி விலைக்குத்தான் மீன் எடுக்கிறார்கள். அடோயோ எனக்கு உகாலிக் களி வைத்துவிட்டு, தட்டை நகர்த்தும் சத்தத்தில் பேசுகிறாள். சர்க்கரையும் ஒரு லேசோவும் அவளிடம் கொடுத்து அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். வாங்குவாரோ திருப்பி அனுப்புவாரோ தெரியாது.

உன் முதல் கடிதத்திலேயே என்னைக் குத்திக் காட்டினாய். பொறுத்துக்கொண்டேன். இது பொறுக்க முடியாது. உன் யோசனை ஒன்றும் எனக்கு இனி வேண்டாம்.

ஒகுமு

*

நைரோபி,
3 ஏப்ரல் 2011

அண்ணா,

நேரியா அம்மா உன் மாமியார் என்று நீ எழுதியிருந்தாய். நான் படித்தேன். படித்துவிட்டு வட்டம் போடச் சொன்னேன். இதற்குச் சாக்கு ஒன்றும் இல்லை. பேருந்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் காது வரை சுட்டது. நம் வழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதுதான் இன்னும் அசிங்கம்.

ஆனால் நீ? நீ அங்கேயே இருக்கிறாய். வட்டத்தைப் பார்த்தாய், அவர் எங்கே உட்காரப்போகிறார் என்பதைப் பார்த்தாய். நாற்காலியைத் திருப்பிப்போட உனக்கு ஒரு நிமிடம் ஆகுமா? ஆனாலும் அபோண்டி சொன்னாள் என்று அப்படியே செய்தாய். நான் தோற்பதைப் பார்க்க உனக்கு ஆசையாக இருந்தது. இல்லை என்று சொல், ஒப்புக்கொள்கிறேன்.

நீ கேட்காததைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு இனி எழுத முடியாது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம் நான் பக்கத்தில் இருந்தேன். அவர் சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் எழுதினேன். தன்னை ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நன்றி. சித்தப்பாவிடம் பழைய சண்டைக்கு மன்னிப்பு. அடக்கம் செய்வதற்கு முன் எல்லோரும் கேட்கும்படி படிக்கச் சொன்னார். "நீதான் படிக்கணும், உன் அண்ணன் நடுவுல விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிடுவான்" என்றார். அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை எழுந்தேன். மறுநாள் சித்தப்பா மண் போட்டார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அவருக்குத் தெரியாது. இன்னும் தெரியாது.

கடைசியாக ஒரு கேள்வி. இதை நான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும், என் தொழிலில் முதல் கேள்வியே இதுதான். எதை மூடவேண்டும் என்று நீ விரும்புகிறாய், ஏன்? உன் இரண்டு படகும் எங்கே வலை போடுகின்றன? எனக்குத் தெரியும் அண்ணா, நான் அந்தப் படகில் வந்திருக்கிறேன். நாணல் வாயில்தான். மஜிவாவின் படகுகள் கல்திட்டில். அவரவர் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு எதிராளியின் இடத்தை மூடப் பார்க்கிறீர்கள். மஜிவாவை மன்னிக்கலாம், அவர் உறுப்பினர். தனக்கு வேண்டியது ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்துகிறவனிடம் யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். நாற்காலியை வேறு யாரிடமாவது கொடு. ஒரு நாளைக்கு மட்டும்.

அபோண்டி

*

ரகோரா,
9 ஏப்ரல் 2011

அபோண்டி,

அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். விளக்கம் சொல்ல ஆரம்பிப்பேன் என்று அப்பா சொன்னாரா? சொல்லியிருப்பார்.

நேற்று சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நீ எழுதியதைச் சொன்னேன், விளக்கம் சேர்க்காமல். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அபோண்டி வந்து படிக்கட்டும்" என்றார். எப்போது வருவாய் என்று நான் கேட்கமாட்டேன்.

நாற்காலி விஷயம் வேறு. அதைக் கொடுக்கமாட்டேன். அறுபத்தொரு பேர் எனக்கு ஓட்டுப் போட்டது ஒக்வேனோ உட்கார்வதற்கு இல்லை. நாணல் வாயில் என்னோடு இன்னும் நான்கு பேர் வலை போடுகிறார்கள். நான் எழுந்தால் அவர்கள் என்னை என்ன சொல்வார்கள்? வலைக்கடனும் படகுக்கடனும் உனக்குச் சம்பளத்தில் பிடிப்பதில்லை.

மாமியார் சர்க்கரையை வாங்கிக்கொண்டார். லேசோ திரும்பி வந்துவிட்டது.

ஒகுமு

*

நைரோபி,
15 ஏப்ரல் 2011

அண்ணா,

சரி, நீயே உட்காரு.

திங்கட்கிழமை எங்கள் இயக்குநரிடம் அடுத்த கூட்டத்தை வேறு யாராவது நடத்தலாமே என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். "நல்ல யோசனை, அடுத்த வருஷத் திட்டத்தில சேர்த்துக்கலாம், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். நான் சொல்வதைக் கேட்க மறுப்பவர்கள் பட்டியலில் இப்போது இரண்டு பேர், ஒருவர் சம்பளம் தருகிறார்.

யோசனை வேண்டாம் என்றாய், அதனால் யோசனை சொல்லவில்லை. கேள்விதான். நேரியா அம்மா ஏன் பேசவில்லை என்று அவரிடம் நீ கேட்க முடியாது. அவர் மகளிடம் கேட்டாயா? நீ எழுதுவதை வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவளிடம்?

அபோண்டி

*

ரகோரா,
29 ஏப்ரல் 2011

அபோண்டி,

தாள் இன்று காலை ஹோமா பேவுக்குப் போய்விட்டது. மூன்று கையெழுத்தோடு. ஒரு நாள் மிச்சம். நடந்ததைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருப்பேன் என்று நினைக்காதே.

உன் கடிதம் வந்த மறுநாள் அடோயோவிடம் கேட்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதுக்கு நாலு மாசமா?" என்றாள். "அம்மாவுக்குக் கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. தலைவர் கேள்வி கேக்கறப்ப அம்மா பதில் சொன்னா அது மருமகனோட வாதாடற மாதிரி ஆகும். நீங்க சொன்னதுக்கு ஆமான்னு சொல்ல அவங்களுக்கு மனசு இல்ல. இல்லேன்னு சொல்ல வழி இல்ல. நீங்க அந்த நாற்காலில இருக்கற வரைக்கும் அவங்க ஏரியைத்தான் பார்ப்பாங்க." ஏன் இதை முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்களா?" என்றாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அதற்கும் நான் அசையவில்லை. ஒரு வாரம் இழுத்தேன். இருபத்தாறாம் தேதி துறையிலிருந்து ஆள் வந்து, எங்கள் வளைகுடாவை மூடும் அறிவிப்புப் பலகை தயாராகிவிட்டது, முதல் தேதி நடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் ஒக்வேனோவைக் கூப்பிட்டு, வியாழக்கிழமைக் கூட்டத்தை நீ நடத்து என்றேன். அவன் பேனாவை மூடினான். "அண்ணே, நான் என்ன பேசறது?" "ஒண்ணும் பேசாத, கேளு." உன் வார்த்தைதான், வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

நேற்று பத்து மணிக்குக் கூட்டம். நான் கொட்டகைக்குள் போகவில்லை. வெளியே, கவிழ்த்துப் போட்டிருந்த என் படகின் மேல் உட்கார்ந்தேன், முதுகைக் காட்டிக்கொண்டு. முகம் ஏரிப் பக்கம். மடியில் ஒரு வலை, கைக்கு வேலை வேண்டுமே. பெண்கள் வழக்கம்போலத் தரையில் பாயில் உட்கார்ந்தார்களாம். அவர்களுக்கு அது சௌகரியம்தானாம், அட்டைக்காரி கேட்டுக்கொள்.

ஒக்வேனோவுக்கு நாக்குக் குழறியது. அறிமுகத்தை மறந்தே போனான், ஒருவரும் கேட்கவில்லை. எந்த இடத்தை மூடலாம் என்று கேட்டான். மஜிவா எழுந்து, "நாணல் வாய்" என்று ஆரம்பித்தான். நான் மறுத்துக் கத்துவேன் என்று நிறுத்தினான். நான் கத்தவில்லை. யாருமே கத்தவில்லை. நான்கு கூட்டமாக எனக்கு எதிராகவே பேசிப் பழகியவன், எதிரே ஆள் இல்லாமல் இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அந்த ஒரு நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

பிறகு நேரியா அம்மா பேசினார். பதினெட்டு வருடத்தில் அவர் குரலை இவ்வளவு நீளமாக நான் கேட்டதில்லை.

"நாங்க மீன் அறுக்கறவங்க. படகு எங்க போச்சுன்னு எங்ககிட்ட யாரும் சொல்ல வேண்டாம், மீனே சொல்லும். கல்திட்டு மீனை அறுத்தா வயித்துல பாசி இருக்கும். நாணல் வாய் திலேப்பியாவை எடுத்து வாயைத் திறந்தீங்கன்னா குஞ்சு கொட்டும். தாய் மீன் வாய்க்குள்ளயே வெச்சுக் காப்பாத்தற குஞ்சு. பிப்ரவரிலேர்ந்து தினம் ரெண்டு கை குஞ்சைக் கோழிக்குப் போடறோம். அடுத்த வருஷம் நாம விக்க வேண்டிய மீனை இந்த வருஷம் கோழி தின்னுது. எந்தப் படகுன்னு நான் பேர் சொல்லமாட்டேன். எனக்குச் சொல்ற உரிமை இல்ல."

பெயர் எதற்கு? நாணல் வாய்க்கு முதலில் போகிற நீலப் படகு இரண்டும் யாருடையவை என்று கரையில் உள்ள நாய்க்கும் தெரியும். அதில் ஒன்றின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். தெரியும். வலையை இழுக்கும்போதே படகில் குஞ்சு துள்ளும். கூலிக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். தெரிந்துகொண்டுதான் நான்கு கூட்டமும் கல்திட்டு கல்திட்டு என்று தொண்டை வற்றக் கத்தினேன். நூற்று இருபது வீட்டுக்காக என்று உனக்கு எழுதினேன். அதில் என் வீடு ஒன்றுதான் எனக்குக் கண்ணில் பட்டது.

ஒக்வேனோ கூலிக்காரர்களைக் கேட்டான். இப்போது அவர்களும் பேசினார்கள், ஆமாம், குஞ்சு இருக்கிறது என்று. என் படகில் வருகிறவனே சொன்னான், முதலில் என் முதுகுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு. நாணல் வாயை ஆகஸ்ட் வரை மூடுவது என்று எழுதினார்கள். என்னோடு அங்கே வலை போடும் நான்கு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் தூக்கினால் ஐந்து கை எழும். ஐந்து கை எழுந்தால் படகுக்காரர்களின் கையெழுத்து விழாது.

"மறுப்பு இருக்கறவங்க கை தூக்குங்க" என்றான் ஒக்வேனோ. நேற்று முதல் தடவையாக அவன் குரல் நடுங்கவில்லை.

மாமியார் பேசி முடித்த இடத்தில் மருமகன் வாய் திறக்கக்கூடாது. அது வழக்கம். ஆனால் கை தூக்குவது பேச்சில்லை என்று வாதாடலாம். வாதாட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, அபோண்டி. கல்திட்டுக்குப் பின்னால் போய் வலை போட எவ்வளவு எண்ணெய் ஆகும், இரண்டு படகில் ஒன்றை விற்கவேண்டியிருக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. இப்படி நிற்கும் என்று எனக்கு நேற்றுவரை தெரியாது.

"யாரும் இல்லையா?" என்று மறுபடி கேட்டான். அவசரப்படவில்லை அவன். ஜெபத்துக்குப் போகவில்லை, தேநீர் சொல்லவில்லை. கொட்டகையில் எல்லோரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வலையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது முறையும் கேட்டுவிட்டுத்தான் மறுப்பு இல்லை என்று எழுதினான்.

ஒகுமு